பனிமய மாதாவும் எரிமலை மாதாவும்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 5ஆம் நாள் தூத்துக்குடியில் பனிமய மாதாவின் திருநாளைக் கொண்டாடும் நாம், எரிமலையின் அடியில் நிற்கும் மாதா கோவிலொன்றையும் அறிந்துகொள்வது நன்று. 19ஆம் நூற்றாண்டில் நம் தமிழ் மக்கள் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்று குடியேறிய ரியூனியன் தீவிலே அது உள்ளது.

அத்தீவு, கடலுள் மூழ்கிய மாபெரும் எரிமலையொன்றின் உச்சியே. கடலடியிலிருந்து ஏறத்தாழ 7,000 மீட்டர் உயர்ந்த அம்மலையில் நீருக்குமேல் தெரிவது 3,070 மீட்டர்தான். பூமியின் ஆழத்தே அதற்கு நெருப்பூட்டும் அதே வெப்ப ஊற்றுத்தான், சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்குமுன் தக்காணத்தின் கரும்பாறைகளை வார்த்தது; நிலத்தட்டு வடக்கே நகர நகர, நம் தோணிகள் சரக்கேற்றிச் செல்லும் மாலத்தீவுகளின் அடித்தளத்தையும் எழுப்பியது. அவ்வெரிமலைகள் அமிழ்ந்தபின் அவற்றின்மேல் பவளம் வளர்ந்தது.

1977 ஏப்ரலில் ரியூனியனின் பித்தோன் சேந்த் ரோஸ் என்னும் சிற்றூரில் தீக்குழம்பு புகுந்து வீடுகளை எரித்தது. ஆலயத்தைச் சூழ்ந்து, வாயிலருகே நின்று கல்லாயிற்று. இன்று அது ‘எரிமலைக் குழம்பின் மாதா’ ஆலயம்.

குழம்பு குளிரக் குளிர ஓட்டம் தளரும் என்பர் அறிஞர். அன்னையின் காவல் என்பர் விசுவாசிகள். ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது: அவ்வூர் மக்கள் முன்னரே வெளியேறியிருந்தனர். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிய நாளில் வலையை மடித்துவைத்துச் செபமாலையோடு கரையிலிருப்பதும் விசுவாசமே.