55.42

பி.டி. உஷா நூறில் ஒரு விநாடியில் பதக்கத்தைத் தவறவிட்ட கதை, விளையாட்டுப் பக்கமே புரட்டாதவர்களுக்கும் தெரியும். 1984, லாஸ் ஏஞ்சலிஸ். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் அறிமுகமான வருடம். மொராக்கோவின் நவால் எல் முதவக்கல் 54.61 விநாடியில் தங்கம் வென்றார். வெண்கலம் ருமேனியாவின் கொஜொகாருவுக்கு, 55.41. உஷா 55.42.

அந்த இருபது வயதுப் பெண்ணுக்கு வாய்த்தது நம்பியார் என்ற பயிற்சியாளரும் பையோளிக் கடற்கரை மணலும்தான். தடை ஓட்டத்தில் அனுபவமும் கொஞ்சமே. ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாடு ஒத்துவராமல், கஞ்சியும் கடுமாங்காய் ஊறுகாயுமாகச் சமாளித்ததாகப் பிற்பாடு அவரே சொன்னார். கடைசி மீட்டர்களில் தெம்பு போனதற்கு அதைத்தான் காரணமாகச் சொல்கிறார்.

இந்த ஓட்டத்தின் வில்லங்கமே அந்தக் கடைசிப் பகுதிதான். இரண்டரை அடி உயரத்தில் பத்துத் தடைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 35 மீட்டர். அந்த இடைவெளியில் ஒற்றைப்படையாக அடி வைத்தால் ஒவ்வொரு தடையையும் ஒரே கால் முன்னே போய்த் தாண்டும். களைப்பில் அடி குறுகி ஒன்று கூடிவிட்டால் மறுகாலால் தாண்ட வேண்டும். அதற்குப் பழகாதவர் தடை முன்னால் தயங்குவார். நூறில் ஒரு விநாடி போக அந்தத் தயக்கம் தாராளம்.

உஷா அதோடு நிற்கவில்லை. 1986 சியோல் ஆசியப் போட்டியில் இந்தத் தடை ஓட்டம் உட்பட நான்கு தங்கம். ஆனால் 55.42 மட்டும் தேசிய சாதனையாக அப்படியே கிடந்தது.

2023 செப்டம்பரில் சண்டிகரில் கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் 55.43 ஓடினார். அதே பாழாய்ப்போன நூறில் ஒன்று! அடுத்த மாதம் ஹாங்சோ ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் 55.42 ஓடி உஷாவைத் தொட்டார், மறுநாள் வெண்கலமும் வென்றார். இரட்டைச் சகோதரி நித்யாவும் தடை ஓட்ட வீராங்கனை. அதே ஹாங்சோவில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். வித்யாவுக்கு ரயில்வே வேலை இருக்கிறது; தேசிய முகாம், பிசியோ, வெளிநாட்டுப் போட்டிகள் என வசதிகளும் இன்று இருக்கின்றன. உஷாவோ அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர்.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. 39 வருடத்தில் அந்த நேரத்தை எட்டிய இந்தியப் பெண் ஒரே ஒருவர். 1984இல் உலக சாதனை 53.58, உஷா அதற்கு இரண்டு விநாடிகூடப் பின்தங்கவில்லை. 2024 பாரிஸில் அமெரிக்காவின் சிட்னி மெக்லாஃப்லின் 50.37இல் ஓடி முடித்தார். இப்போது இடைவெளி ஐந்து விநாடிக்கு மேல். கைநழுவிய வெண்கலத்தைப் பேசிப் பேசியே நாற்பது வருடம் ஓட்டிவிட்டோம். அன்று ஒலிம்பிக்கில் நாலாவது இடம் வாங்கித் தந்த நேரத்துக்கு, இன்று இறுதிச் சுற்றிலேயே இடமில்லை.