நீலப் புகைக்கு இஞ்சினை இறக்கலாமா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். காரின் சைலன்சரில் நீலப் புகை வருகிறது. மெக்கானிக் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரிங் போச்சு சார், இஞ்சினை இறக்கணும்" என்கிறார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆயில் உள்ளே நுழைய முக்கியமாக இரண்டு வழி உண்டு. தேய்ந்த பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழிருந்து ஏறலாம். விறைத்துப்போன வால்வு சீல் வழியே மேலிருந்து ஒழுகலாம். முன்னது பெரிய செலவு. பின்னது சின்ன ரப்பர். பல இஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே அதை மாற்றிவிடலாம்.

எது என்று புகை வரும் நேரமே பாதி சொல்லிவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட் ஆனதும் குப்பென்று புகைந்துவிட்டுத் தெளிந்தால் சீல். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இரண்டாம் கியரில் இறங்கி, கீழே வந்து மிதித்ததும் புகை எழுந்தாலும் சீல்தான்: ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது இன்டேக் பக்கம் வெற்றிடம் கூடி ஆயிலை உறிஞ்சிவிடுகிறது. மேடேறும்போது விடாமல் புகைந்தால் ரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

மீதியைக் கம்ப்ரஷன் கேஜ் சொல்லும். இஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். மூன்று சிலிண்டர் மாருதி 800-இல் 160, 155, 110 பிஎஸ்ஐ என்று வந்தால் கோளாறு மூன்றாவதில். அதில் ஒரு டீஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. அந்த இடைவெளியை ஆயில் சற்று நேரம் அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் கேஸ்கெட்டைத்தான் முதலில் பார்ப்பேன். டீசல் இஞ்சினில் மட்டும் ஆயில் விடவே கூடாது, அங்குள்ள அழுத்தத்தில் அது தானே தீப்பற்றும்.

மூன்றும் சீராக வந்தும் புகை நிற்கவில்லையா? பெரும்பாலும் சீல். ஆனால் ஆயில் ரிங் கரி பிடித்து மாட்டிக்கொண்டாலும் கம்ப்ரஷன் நன்றாகவே காட்டும். அதனால்தான் புகை வரும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இந்தப் பொறுமையெல்லாம் புகைக்குத்தான். அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று தட்டினாலோ, ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ அங்கேயே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். பேரிங் தேய்ந்த இஞ்சினை இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் கிராங்கும் சேர்ந்து போகும்.

இஞ்சினை இறக்கச் சம்மதிக்கும் முன், ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும், ஆயில் விடுமுன்னும் விட்ட பின்னும், தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.