டைல்ஸ் மேல் எழுதிய பெயின்ட் ஏன் உரிகிறது?



தெருச் சுவரில் யாரும் அசிங்கம் பண்ணக் கூடாதுன்னு சாமி படம் போட்ட டைல்ஸ் பதிக்கிறாங்க இல்லையா? சில இடத்தில் பிள்ளையார் பல வருஷம் ஆகியும் பளிச்சென்று இருப்பார். சில இடத்தில் முருகர் முகமே தெரியாமல் வெளுத்திருப்பார். ரெண்டு பேர் மேலும் அதே மழை, அதே உப்புக்காத்துதான் படுகிறது. அப்புறம் ஏன் இப்படி?

டைல்ஸின் பளபளப்பு என்பது உண்மையில் மெல்லிய கண்ணாடிப் பூச்சு. களிமண் ஓட்டின் மேல் அதைப் பூசி, சூளையில் ஆயிரம் டிகிரி அளவுக்குச் சுட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். முதலில் படம் வரைந்து, அதன்மேல் இந்தப் பூச்சு போட்டுச் சுட்டால் படம் கண்ணாடிக்கு அடியில் போய்விடும். தண்ணீர் அதைத் தொடவே முடியாது.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர் கோயில் இருக்கிறது. அதன் தரையில் சீனாவிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் வந்த ஓடுகள், எல்லாம் கையால் நீலத்தில் வரைந்தவை. கொச்சியும் நம்ம மாதிரி கடலோர ஊர்தான். ஆனாலும் நீலம் போகவில்லை. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். ஓட்டுக்கும் அது நல்லது. ஏனென்றால் மணல் கண்ணாடியை விடக் கடினம், கீறிவிடும். (நம்ம வீட்டில் டைல்ஸை மணல் போட்டுத் தேய்க்காதீங்க!)

ஆனால் நம்மிடம் சூளை இல்லையே. எங்கள் தெருவில், கடலுக்குப் போய்த் திரும்பி வராத ஒரு அண்ணன் பெயரை எனாமல் பெயின்டில் டைல்ஸில் எழுதி வாசலில் பதித்தார்கள். ரெண்டு மழையில் பாதி எழுத்து உரிந்துவிட்டது. அவங்க அம்மா மிச்ச எழுத்தைத் துடைக்கக்கூட பயப்படுறாங்க.

உரிவது ஏன்? ஒரு சின்னச் சோதனை. உடைந்த டைல்ஸின் முன்பக்கம் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள், அப்படியே நிற்கும். பின்பக்கம் விட்டால் உறிஞ்சிவிடும். பெயின்டும் அப்படித்தான். பளபளப்பின் மேல் அதற்குப் பிடிமானம் கிடையாது. ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் தோல் மாதிரி கழன்று வரும்.

அதனால் எழுதும் முன் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கணும். பளபளப்பு மங்கினால் போதும். பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கணும். அப்புறம் விரல் படக் கூடாது, கை எண்ணெய் ஒட்டும். பெயின்டை மெல்லிசாக ரெண்டு தடவை பூசுங்கள். ஒரு வாரமாவது காயட்டும். அவசரப்பட்டு மேலே வார்னிஷ் அடித்தால் பெயின்ட் சுருங்கிவிடும்.

நிறமில்லாத வார்னிஷ், வெளிப்புறத்துக்கு என்று கேட்டு வாங்குங்கள். அதையும் மெல்லிசாக ரெண்டு தடவை, டைல்ஸின் பக்கவாட்டு ஓரம் வரைக்கும் அடிக்கணும். பதித்தபின் இடுக்கில் வெள்ளை சிமென்ட். அடுப்புப் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம், தீப்பிடிக்கும். சோறு சாப்பிடும் பீங்கான் தட்டிலும் வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் இது கண்ணாடிக்கு மேலே இருக்கும் பெயின்ட்தான். வெயிலில் வார்னிஷ் மஞ்சளாகும், வெடிக்கும். கூரை நிழல் விழும் இடத்தில் பதித்து, ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷா வருஷம் பார்த்து, மங்கியிருந்தால் இன்னொரு தடவை வார்னிஷ் அடிக்கணும்.

— 9-ஆம் வகுப்பு மாணவி