பெரியண்ணனும் சின்னண்ணனும்

‘நம்முள் பெரியவன் யார்?’ என்னும் வினா, மனிதர் நால்வர் கூடும் இடமெல்லாம் எழுவது. சபையிலும் எழும், சங்கத்திலும் எழும், பந்தியில் இலை போடும்போதும் எழும். இயேசுநாதரின் சீடர்களிடையேயும் அது எழுந்தது. அவர் ஒரு சிறு குழந்தையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தினார். அக்குழந்தையைப் போலத் தன்னைத் தாழ்த்திக் கொள்பவனே விண்ணரசில் பெரியவன் என்பது அவர் தந்த விடை. மத்தேயு சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரம் இக்காட்சியோடுதான் தொடங்குகிறது.

குழந்தையினிடம் அவர் கண்டது யாது? குழந்தை எப்போதும் நல்லதையே செய்யும் என்று பெற்றவர் எவரும் சொல்லமாட்டார். அதற்குப் பிடிவாதமும் உண்டு, அழுகையும் உண்டு. ஆயினும், தன் மதிப்பு இவ்வளவு என்று கணக்கிட்டுக்கொண்டு அது எவரிடமும் பழகுவதில்லை. அன்போடு கொடுத்ததைக் கை நீட்டி வாங்கிக்கொள்ளும். அதனால் தன் கௌரவம் குறையுமோ என்று ஆராயாது. இதை அறியாமைக்குக் கிடைத்த பாராட்டு என்று கொள்ளலாகாது. தீமையில் குழந்தைகளாகவும் அறிவில் முதிர்ந்தவர்களாகவும் இருக்குமாறு பவுல் அடிகள் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியிருக்கிறார்.

அவ்வாறு அறிவில் முதிர்ந்தும் உள்ளத்தில் குழந்தையராய் வாழ முயன்ற இருவரைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. ஒருவர் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசன், தமிழர். மற்றவர் டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். ஸ்காட்லாந்து நாட்டில் செல்வக் குடியிற் பிறந்தவர். கிறிஸ்தவ ஊழியத்திலேயே வெள்ளையர் ஒரு வரிசையாகவும் இந்தியர் ஒரு வரிசையாகவும் நின்ற காலம் அது. அந்த வேற்றுமை இருவர் மனத்தையும் உறுத்தியது. 1921ஆம் ஆண்டில், அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில், கிறிஸ்துகுல ஆசிரமத்தை இருவரும் சேர்ந்து நிறுவினர். மணம் செய்துகொள்ளாமல், சம்பளம் பெறாமல், கதர் உடுத்து, எளிய உணவை ஒன்றாய் இருந்து உண்டு, சுற்றுப்புறக் கிராமத்தாருக்கு வைத்தியம் பார்த்தனர். அங்கே அவர்கள் எழுப்பிய ஜெபாலயம், தென்னாட்டுக் கோயில்களைப் போலக் கோபுரத்தோடு விளங்குகிறது.

ஆசிரமத்தாருக்கு இவர்கள் டாக்டரும் அல்லர்; துரையும் அல்லர். வயதில் மூத்த ஜேசுதாசன் ‘பெரியண்ணன்’. இளையவரான பேட்டன் ‘சின்னண்ணன்’. ஆட்சி செய்த இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்பட்ட இனத்தவர் ஒருவருக்கு அடுத்த இடத்தில் மகிழ்ச்சியோடு அமர்ந்தார் என்பது அந்நாளில் சிறிய செய்தியன்று. தமிழ் வீட்டில் வழங்கும் ஒரு முறைப்பெயர், பிரசங்கத்தால் ஆகாத காரியத்தைச் செய்துவிட்டது!

இந்த எளிமைக்கு அவர்கள் விலையும் கொடுத்தனர். 1932ஆம் ஆண்டில், சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் கதராடையோடு நின்ற பேட்டனைப் போலீசார் தடியால் அடித்தனர். அச்செய்தி பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரையில் எட்டியது. துரையாக உடுத்து நடந்திருந்தால் அவர்மேல் ஒரு தடியும் பட்டிராது.

கிறிஸ்தவ சபைகள் யாவும் இவ்வழியே நடந்தன என்று சொல்வதற்கில்லை. வடக்கன்குளத்தில், ஒரே தேவாலயத்துக்குள் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910ஆம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது. குழந்தையை நடுவே நிறுத்திய அதே ஆண்டவரை வணங்குவோர், தங்கள் நடுவே சுவரையும் நிறுத்தினர். தாழ்மையைப் பற்றிப் பேசுவது எளிது. யாரோடு உட்காருகிறோம் என்பதில்தான் அதன் சோதனை இருக்கிறது.

ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, எந்தச் சமயத்தாராயினும், இதில் எண்ணிப் பார்க்க இடம் உண்டு. உற்றார் அருகில் இல்லாத நகரத்தில், அடுத்த வீட்டாரையே அண்ணன் என்றும் அக்காள் என்றும் அழைத்துச் சுற்றம் தேடிக்கொள்கிறோம். நல்ல வழக்கந்தான். ஆனால், ‘தம்பி’ என்று அன்பாக அழைத்து வேலை வாங்கிக்கொண்டு, விழா நாளில் அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்புவதும் நம்மிடையே உண்டு. நாற்காலி அடுக்குபவனையும் மேடையில் அமர்பவரையும் ஒரே பந்தியில் இருத்தி, யார் முதலில் யாருக்குப் பரிமாறுவது என்பதில் மட்டும் நாம் போட்டியிடுவோமாயின், அவ்வுறவுப் பெயர்கள் பொருளுடையனவாகும். திருப்பத்தூரின் அண்ணன்மார் இருவரும் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அவர்கள் காட்டிய முறை, எந்த ஊரில் வாழும் தமிழருக்கும் கைக்கு எட்டுவதே.