புளிப்பும் பல்லும்

வைகாசி பிறந்துவிட்டால் தில்லி மாநகரில் 'லூ' என்னும் அனற்காற்று வீசத் தொடங்கும். அந்நாட்களில் தெருமுனைதோறும் எலுமிச்சம் பழங்களைக் குவித்து வைத்துக்கொண்டு ஷிகஞ்சி விற்பவர்களைக் காணலாம். கடைகளில் வண்ண வண்ணப் புட்டிப் பானங்கள் பனிக்கட்டிகளுக்கு நடுவே குளிர்ந்துகொண்டிருக்கும். தாகம் தீர்க்கும் இவற்றைப் பழிப்பது நமது நோக்கமன்று. ஆயினும், இவை தொண்டையை அடையுமுன் பற்களைத் தொட்டுச் செல்கின்றன என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை.

நம்முடன் பணியாற்றும் நண்பர் ஒருவர், நீரிழிவுக்கு அஞ்சிச் சர்க்கரையை அறவே ஒழித்தவர். எலுமிச்சை பிழிந்த நீரைக் காலை முதல் மாலை வரை மேசைமீது வைத்துக்கொண்டு, கோப்பைப் புரட்டுந்தோறும் ஒரு மிடறு அருந்துவார். இரண்டு கோடைகள் கழிந்தன. குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசிற்று, முன்பற்களின் ஓரம் மெலிந்து கண்ணாடிபோல் ஆயிற்று, நிறமும் மஞ்சளித்தது. "இனிப்பைத் தொடாத எனக்கா பல் நோய்?" என்று அவர் வருந்தினார். கெடுத்தது இனிப்பன்று, புளிப்பே என்றார் பல் மருத்துவர்.

சொத்தை வேறு, அரிப்பு வேறு. வாயிலுள்ள நுண்கிருமிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்க, அவ்வமிலம் பல்லைக் குடைவது சொத்தை. அரிப்பிற்கோ கிருமியின் துணை வேண்டுவதில்லை. பானத்திலுள்ள அமிலமே நேராகப் பல்லைக் கரைக்கும். ஆதலால், 'சர்க்கரை இல்லாதது' என்று விளம்பரம் பெறும் கோலா பானமும் பல்லை அரிக்க வல்லதே. அதில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு முதலியவற்றில் சிட்ரிக் அமிலம் இருக்கிறது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இங்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். 'அமிலம்' என்றால் ஆய்வுக்கூடத்துக் குப்பி நினைவிற்கு வந்து அச்சம் தோன்றுகிறது; 'புளிப்பு' என்றாலோ நாவில் நீர் ஊறுகிறது. ஆனால் அமிலம் என்பது புளிப்பைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்ததே. ஆங்கிலேயர் வழங்கும் 'ஆசிட்' என்பதற்கும் இலத்தீன் மூலத்தில் புளிப்பு என்பதே பொருள்.

பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் 100க்கு 96 பங்கு தாதுப்பொருளே. அதில் முதன்மையானவை சுண்ணமும் பாஸ்பேட்டும். இத்துணை உறுதியானது புளிப்பிற்கு மட்டும் இளகிவிடுகிறது. புளிப்பை அளக்க 1909ஆம் ஆண்டில் டென்மார்க் அறிஞர் சோரென்சென் வகுத்த அளவை 'பி.ஹெச்.' எனப்படும். தூய நீர் 7. எண் ஒன்று குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு ஏறும். ஏறத்தாழ 5.5க்குக் கீழே சென்றால் எனாமல் கரையத் தொடங்கலாம். ஆரஞ்சுச் சாறு மூன்றரைக்கும் நான்கிற்கும் இடைப்பட்டது. கோலா ஏறத்தாழ இரண்டரை. எலுமிச்சைச் சாறு இரண்டிற்கும் மூன்றிற்கும் நடுவே. இச்சாற்றில் நீர் கலந்தாலும் அதன் புளிப்பு நாம் எண்ணுமளவு தணிவதில்லை. வெறும் சோடாவின் புளிப்பு மிகச் சிறிது. அதில் எலுமிச்சை பிழிந்தால் நிலை மாறிவிடும்.

1950ஆம் ஆண்டில், கார்னெல் பல்கலைக்கழகத்து ஊட்டவியல் அறிஞர் கிளைவ் மக்கே, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவொன்றின்முன் சாட்சியம் அளித்தார். குடிப்பதற்குக் கோலாவைத் தவிர வேறொன்றும் கொடாமல் ஆறு மாதம் வளர்த்த எலிகளின் கடைவாய்ப் பற்கள் ஈறுமட்டம் வரை கரைந்தன என்றார். மனிதர் எவரும் அவ்வாறு வாழ்வதில்லை; எனவே அச்சோதனையை அப்படியே நமக்குப் பொருத்துதல் கூடாது. நமக்கு உமிழ்நீர் என்னும் காவலன் இருக்கிறான். உமிழ்நீர் புளிப்பைத் தணிக்கும். இளகிய இடத்தில் சுண்ணத்தை மீண்டும் படியச் செய்யும். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். ஒரே மூச்சில் ஒரு குவளை அருந்தியவரின் வாய் விரைவில் தேறிவிடும். ஐந்து நிமிடத்திற்கொரு மிடறாக நாள் முழுதும் அருந்துபவருக்கு அந்த அவகாசமே கிட்டுவதில்லை. நண்பருக்கு நேர்ந்தது இதுவே. உறக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறையும்; ஆகவே படுக்குமுன் பழச்சாறு அருந்துவதும், பாற்புட்டியில் சாறு நிரப்பிக் குழந்தையை உறங்கவைப்பதும் இன்னும் தீயவை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குப் பழச்சாறே வேண்டா என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017இல் அறிவுறுத்தியது.

தயிரும் புளிப்புத்தானே என்று நேயர்கள் வினவலாம். அதன் எண் நான்கை ஒட்டியதுதான். எனினும் தயிர் பல்லை அரிப்பதில்லை. அதில் சுண்ணமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால், பல்லிலிருந்து அவற்றைக் கவர வேண்டிய தேவை அதற்கில்லை. கோடைக்குத் தயிரைக் கடைந்த கெட்டி மோர் நல்லதென்று கருதுகிறோம். சர்க்கரை சேர்க்காத வரையில்.

நண்பர் செய்துவந்த இன்னொரு பிழையும் உண்டு. புளிப்பு அருந்தியவுடன், பல்லைக் காப்பதாக எண்ணித் தூரிகையால் அழுத்தித் தேய்த்து வந்தார். இளகி நிற்கும் எனாமல் அப்போது எளிதில் தேய்ந்துபோகும். வெறும் நீரால் வாய் கொப்பளித்து, அரைமணி நேரமேனும் கழித்துத் துலக்குவதே முறை. உறிஞ்சுகுழல் கொண்டு அருந்தினால் முன்பற்களில் படுவது குறையும்.

கரைந்துபோன எனாமல் மீண்டும் முளைப்பதில்லை. அதனை ஆக்கும் உயிரணுக்கள், பல் வெளிவந்தபின் எஞ்சுவதில்லை. நண்பரின் மெலிந்த ஓரங்களுக்கு மருத்துவர் பூச்சு இட்டிருக்கிறார். எலுமிச்சை நீரை அவர் அறவே விட்டுவிடவில்லை. பகலுணவோடு ஒரு குவளை அருந்துகிறார். மேசைமீது இப்போது மண்கூஜாவில் வெறுந் தண்ணீர் இருக்கிறது.