குழந்தைக்குச் சளி, காய்ச்சல்: சிரப் பாட்டிலைத் திறக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ராத்திரி ஒன்றரை மணி. லாஸ்பேட்டையில் ஒரு வாடகை வீடு. பதினோரு மாதக் குழந்தை இருமி இருமி எழுந்துவிட்டது, உடம்பு அனலாகக் கொதிக்கிறது. அப்பா போனில் தேடிக்கொண்டிருக்கிறார். அம்மா ஃபேமிலி குரூப்பில் மெசேஜ் போடுகிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, "கோரோசனை இழைச்சு ஒரு சங்கு கொடும்மா, கேட்டுடும்" என்கிறார். ஃபிரிட்ஜ் கதவில், போன மாதம் மூத்த பிள்ளைக்கு வாங்கிய சளி சிரப் பாதி பாட்டில் நிற்கிறது. "அதையே அரை மூடி கொடுத்துடலாமா?"

புதுச்சேரியில் கைக்குழந்தை உள்ள எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. அந்தப் பாதி பாட்டில் எவ்வளவு ஆபத்தானதாக இருக்க முடியும் என்பது 2025 அக்டோபரில் நாட்டுக்கே தெரிந்தது.

கோல்ட்ரிஃப் விவகாரத்தில் நடந்தது என்ன?

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். எல்லாமே சாதாரண சளி, காய்ச்சலில்தான் ஆரம்பித்தது. சில நாட்களில் சிறுநீர் குறைந்தது, அப்புறம் நின்றே போனது. சிறுநீரகங்கள் செயலிழந்தன. பலி எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. பெரும்பாலோர் ஐந்து வயதுக்கும் குறைந்தவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது 'கோல்ட்ரிஃப்' என்ற சளி சிரப்.

அதைத் தயாரித்தது நம் பக்கத்து ஊர் கம்பெனி. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் ஃபார்மா. புதுச்சேரியிலிருந்து மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். அந்த நிறுவனத்தின் மருந்துகள் புதுச்சேரிக்கும் சப்ளை ஆனதாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். தமிழக அரசின் ஆய்வகச் சோதனையில் எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரியவந்தது. மருந்தில் அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம். தமிழகம் விற்பனையை நிறுத்தியது, பல மாநிலங்கள் தடை போட்டன. பின்னர் நிறுவனத்தின் உரிமமே ரத்தானது.

இந்த நச்சு சிரப்புக்குள் எப்படி வருகிறது? பாராசிட்டமால் போன்ற மருந்துகள் தண்ணீரில் அவ்வளவு எளிதாகக் கரையாது. அதனால் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானைச் சேர்ப்பார்கள். மருந்துக்கான தரத்தில் வாங்கினால் அது பாதுகாப்பானது. அதன் இடத்தில், பிரேக் ஆயிலிலும் பெயின்ட் தொழிலிலும் பயன்படும் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்துவிட்டால், பார்வையிலும் ருசியிலும் வித்தியாசமே தெரியாது. இதுவும் இனிப்பு, அதுவும் இனிப்பு. வரும் மூலப்பொருளைச் சோதித்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

உலகத்துக்கு இது புதிதும் அல்ல. 1937-ல் அமெரிக்காவில் இதே நச்சு 100-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அங்கே மருந்துச் சட்டம் கடுமையானதே அதற்குப் பிறகுதான். 1972-ல் சென்னையில் குழந்தைகள் இறந்தார்கள். 2022-ல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள், அதே ஆண்டு இந்தோனேசியாவில் 200-ஐ ஒட்டி. ஒவ்வொரு முறையும் குற்றம் சிரப் தயாரித்தவர்களுடையது, பெற்றோருடையது அல்ல. சரியான சிரப்பா, விஷ சிரப்பா என்று வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க எந்த வழியும் கிடையாது.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நல்ல சிரப்பாகவே இருந்தாலும் அது குழந்தைக்குத் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. சின்னக் குழந்தைகளின் சளி, இருமலில் பெரும்பகுதி வைரஸால் வருவது, தானாகவே சரியாகிவிடும். சளி சிரப் அதை ஒரு நாள்கூடச் சீக்கிரம் குணமாக்குவதில்லை. 2025 அக்டோபர் 3 அன்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய அறிவுரை இதைத்தான் சொல்கிறது: 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. அதற்கும் முன்பே, 2023 டிசம்பரில், குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த மருந்துகளை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று லேபிளிலேயே அச்சிடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. கோல்ட்ரிஃப்பில் இருந்ததும் அந்தக் கூட்டுதான், கூடவே பாராசிட்டமாலும்.

"அண்ணா, பாப்பாவுக்குச் சளி, ஒரு சிரப் கொடுங்க" என்று மெடிக்கலில் கேட்டு வாங்குவது இதனால்தான் பிரச்சினை. காய்ச்சலுக்குத் தனியாக ஒரு பாராசிட்டமால், சளிக்கு இன்னொரு சிரப் என்று கொடுத்தால், இரண்டிலும் பாராசிட்டமால் இருந்துவிடலாம். டோஸ் டபுள் ஆனது யாருக்கும் தெரியாது.

ஒரே மருந்து, மூன்று பாட்டில்

பாராசிட்டமாலிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. டோஸ் குழந்தையின் வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு கிலோவுக்குச் சுமார் 15 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு டாக்டர் 150 மி.கி. எழுதினால், அது 1 மி.லி.-யில் 100 மி.கி. உள்ள டிராப்ஸில் ஒன்றரை மி.லி. 5 மி.லி.-யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி. 5 மி.லி.-யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் சுமார் 6 மி.லி.

பார்க்கச் சின்னதாக இருக்கும் டிராப்ஸ்தான் மூன்றிலும் வீரியமானது. சிரப் என்று நினைத்து டிராப்ஸை 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும், தேவையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். கிச்சன் ஸ்பூனால் அளப்பதும் வேண்டாம், ஒவ்வொரு ஸ்பூனும் ஒரு அளவு. கூடவே வரும் மூடி அல்லது ஃபில்லரே போதும். இரண்டு டோஸுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் கூடாது. அம்மா ஒரு முறை, அது தெரியாமல் அத்தை ஒரு முறை என்று கொடுத்துவிடாமலிருக்க, கொடுத்த நேரத்தை போனில் குறித்து வைப்பது நல்லது.

காய்ச்சல் 102-ஐத் தொட்டால் மூளைக்கு ஏறிவிடுமா?

ஏறாது. கிருமியால் வரும் சாதாரணக் காய்ச்சலின் சூடு மூளையைக் கெடுப்பதில்லை. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல். எண் எவ்வளவு என்பதைவிட, மருந்து வேலை செய்து காய்ச்சல் இறங்கியிருக்கும் நேரத்தில் குழந்தை எப்படி இருக்கிறது என்பது முக்கியம். 103 அடித்தும் கொஞ்சம் விளையாடி, பால் குடிக்கிற குழந்தையைவிட, 100 இருந்தும் துவண்டு கிடக்கிற குழந்தைக்குத்தான் அவசரம்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு: மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை. 100.4 வந்தாலே, மற்றபடி நன்றாகத் தெரிந்தாலும், உடனே மருத்துவமனை. காலை வரை பார்க்கலாம் என்பது இங்கே கிடையாது.

வலிப்பு பயம் நியாயமானது. 6 மாதம் முதல் 5 வயது வரை, 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. பார்க்கிறவர்களுக்கு உயிரே போய்விடும். ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும், மூளையைப் பாதிப்பதும் இல்லை. அப்போது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, வாயில் விரலோ ஸ்பூனோ வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். குழந்தையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, மணி பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. சீக்கிரமே நின்றாலும், முதல் முறை என்றால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஐஸ் தண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். குழந்தை நடுங்கும், நடுங்கினால் சூடு இன்னும் ஏறும்.

பாட்டி வைத்தியம் என்ன ஆவது?

எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு ராத்திரி அரை ஸ்பூன் தேன் இருமலைக் கொஞ்சம் தணிக்கும். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவுவதும் சேர்த்துத்தான். தேனிலிருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நச்சை உண்டாக்கும்.

இன்னொன்று கற்பூரம். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது நம் பக்கம் சர்வ சாதாரணம். ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். சின்ன வில்லை ஒன்றை விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் கற்பூர டப்பா இருக்கும் வீடுகள் இன்றே அதை மேல்தட்டுக்கு மாற்றிவிடலாம். கோரோசனை, உரை மருந்து பற்றிச் சொல்லவேண்டுமானால், உள்ளே என்ன, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத ஒன்றை ஆறு மாதக் குழந்தைக்குக் கொடுப்பதும் அந்தச் சிரப் மாதிரிதான்.

மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணீர் சொட்டு, அடிக்கடி தாய்ப்பால், பெரிய குழந்தை என்றால் வெதுவெதுப்பான கஞ்சி. இவ்வளவுதான். "டாக்டர் ஒண்ணுமே எழுதித் தரலையே" என்று குறைப்படும் பெற்றோர் உண்டு. ஒன்றும் எழுதாமல் அனுப்புகிற டாக்டர்தான் பல நேரம் சரியாகப் பார்த்திருக்கிறார்.

ஸ்கூலில் இருந்து வருவது

ஸ்கூல், பிளே ஸ்கூல் போகிற குழந்தைக்கு வருஷத்தில் ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று வாரம் இருமலை விட்டுச்செல்லும். கணக்குப் போட்டால் பாதி வருஷம் இருமல்தான். புதுச்சேரி இதை ஊர் அளவிலேயே பார்த்திருக்கிறது. 2022 செப்டம்பரில் குழந்தைகளிடையே ஃப்ளூ பரவியதால் 1 முதல் 8-ம் வகுப்பு வரை 17 முதல் 25-ம் தேதி வரை விடுமுறை விட்டார்கள். 2023 மார்ச்சில் எச்3என்2 வந்தபோது மறுபடியும், 16 முதல் 26 வரை. 2025 ஜனவரியில் எச்எம்பிவி செய்தியாகி, புதுச்சேரியிலும் குழந்தைகளுக்கு உறுதியானபோது குரூப்களில் கிளம்பிய பீதி பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வைரஸ் 2001-லேயே கண்டுபிடிக்கப்பட்டது, பெயர்தான் நமக்குப் புதுசு.

ஃப்ளூவுக்குத் தடுப்பூசி உண்டு. 6 மாதத்திலிருந்து வருஷம் ஒரு முறை போட இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. ஆனால் அரசின் இலவச அட்டவணையில் அது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம்

நிமோனியாவை வீட்டிலேயே சந்தேகிக்க ஸ்டெதஸ்கோப் வேண்டாம், போனில் ஸ்டாப்வாட்ச் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு மேலே எழும்புவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு இது: 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், 2 முதல் 12 மாதத்துக்குள் 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் போனால் அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிட வேண்டும்.

பால் குடிக்க முடியாதது, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது, உதடு நீலமாவது, ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது ஆகியவையும் ராத்திரியிலேயே கிளம்ப வேண்டிய அறிகுறிகள். சிந்த்வாராவில் முதலில் தெரிந்ததும் சிறுநீர் குறைந்ததுதான். டயப்பர் போட்டிருந்தால் இது கண்ணில் படாமல் போகும், எத்தனை மாற்றினோம் என்று எண்ணி வைக்க வேண்டும்.

மழைக்காலம் என்றால் டெங்குவும் மனதில் இருக்கட்டும். அதில் ஆபத்தான நேரம் பெரும்பாலும் காய்ச்சல் விட்ட பிறகுதான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று நிம்மதியாகும் நேரத்தில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஐபுபுரூஃபன், மெஃபனாமிக் ஆசிட் கலந்த காய்ச்சல் மருந்துகளைத் தவிர்ப்பது வழக்கம், ஐபுபுரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டலாம் என்பதால். ஆஸ்பிரின் எப்போதுமே குழந்தைக்கு இல்லை.

புதுச்சேரியில் அரசுத் தரப்பில் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர். (ஜிப்மரின் வேர் 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளிவரை போகிறது.) கிளம்பும்போது தடுப்பூசி அட்டையோடு, இதுவரை கொடுத்த எல்லா மருந்தின் பாட்டிலையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், நாட்டு மருந்து என்றாலும் கூட. திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம், பேட்ச் எண் அந்த லேபிளில்தான் இருக்கிறது. கடைசியாகப் பால் குடித்தது எப்போது, பாராசிட்டமால் கொடுத்தது எப்போது, எவ்வளவு, டயப்பர் நனைந்தது எப்போது: டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்விகள் இவையாகத்தான் இருக்கும்.