செஞ்சிலந்தி வேறு, வலைச்சிலந்தி வேறு

சூளகிரி வட்டாரத் தக்காளித் தோட்டங்களில் ‘சிலந்தி விழுந்துவிட்டது’ என்று விவசாயிகள் வருந்துவதுண்டு. அவர்கள் குறிப்பிடுவது இலையின் அடியில் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தியை. அது உண்மையில் சிலந்தியன்று. கண்ணுக்கு எளிதில் புலப்படாத உண்ணி வகை. பெயர் ஒற்றுமையால், செடிகளுக்கிடையே வலை கட்டும் உண்மையான சிலந்தியையும் பகையெனக் கருதி அழித்துவிடுகிறோம். அதுவோ நமக்கு நண்பன்.

சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததுமன்று. பூச்சிக்குக் கால்கள் ஆறு, சிலந்திக்கு எட்டு. அதற்குச் சிறகும் இல்லை, உணர்கொம்பும் இல்லை. உடல் இரண்டு பகுதிகளாக அமைந்திருக்கும். உண்ணியின் உடலோ ஒரே உருண்டையாகத் தோன்றும்.

வண்டிச் சக்கரம் போன்று வலை பின்னும் சிலந்திகளுள் பெரும்பாலானவற்றை அறிவியலார் ‘அரானைடே’ என்னும் குடும்பத்தில் வகுத்துள்ளனர். உலகெங்கும் இதில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. எட்டுக் கண்களும், கால் நுனிதோறும் மூன்று நகங்களும் இதன் அடையாளங்கள். பெண் சிலந்தி ஆணைவிடப் பெரியது. சக்கர வலையின் ஆரங்கள் ஒட்டுவதில்லை. சுற்றிச் சுற்றி இட்ட இழையே பூச்சியைப் பிடிக்கும்.

இக்குடும்பத்தில் தமிழ்நாட்டில் காணப்படும் நான்கு பிரிவுகளை எளிதில் அறியலாம்:

1. ஆர்ஜியோப்: கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறிபோல் வலையின் நடுவே தலைகீழாக அமரும்.

2. நியோஸ்கோனா: பழுப்பு நிறமுடையது. பெரும்பாலும் அந்தியில் வலை கட்டும். பகலில் இலை மறைவில் ஒதுங்கும்.

3. காஸ்டராகாந்தா: கெட்டியான வயிற்றில் முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

4. சிர்டோஃபோரா: கூடாரம் போன்ற வலை கட்டும், அவ்வலையில் பசை இராது.

தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, அந்துப்பூச்சி முதலியன இவ்வலைகளில் சிக்கி மடிகின்றன. தேனீயும் சிற்சில வேளை சிக்குவதுண்டு. வலைச்சிலந்தி மட்டுமே பயிரைக் காத்துவிடும் என்று கூறுவதற்கில்லை. எனினும் கூலியின்றி இரவும் பகலும் காவல் புரியும் இதனை நாமே அழித்தல் தகுமா?

சில பூச்சி மருந்துகளை அளவின்றித் தெளிப்பதால் செஞ்சிலந்தியைத் தின்னும் சிற்றுயிர்கள் மடிந்து, செஞ்சிலந்தியே முன்னினும் பெருகுவதுமுண்டு. ஆகவே, விவசாயிகள் முதலில் இலையைத் திருப்பிப் பார்த்து, பகை எதுவென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மருந்து தேவையெனில், தோட்டக்கலை அலுவலரைக் கலந்து, தாக்குண்ட இடத்தில் மட்டும் தெளித்தல் நன்று. வரப்போரப் புதர்களில் சிலவற்றை விட்டுவைத்தால் சிலந்திகள் அங்கே தங்கும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்வேறுபாட்டைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களானால், நண்பனும் பிழைப்பான். மருந்துச் செலவும் குறையும்.